திணைமயக்கமும் பரிசிற் கடனும்: தில்லி ‘இந்தியன் ஓஷன்’ குழுவின் கலப்பிசை குறித்து

தில்லியின் மைனா ஒன்று ஜாஸ் இசை வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் 1963ஆம் ஆண்டு டியூக் எலிங்டன் தம் குழுவினருடன் கீழை நாடுகளில் பயணம் செய்தபோது தில்லிக்கும் வந்தார். உடன்வந்த இசையமைப்பாளர் பில்லி ஸ்ட்ரேஹார்ன் அங்குக் கேட்ட மைனாவின் குரலை ஒரு சிறு இசைத்தொடராக மனத்திற் கொண்டார். 1966இல் ஒலிப்பதிவாகி 1967இல் வெளிவந்த ‘ஃபார் ஈஸ்ட் சூட்’ தொகுப்பில் ‘புளூபேர்ட் ஆஃப் டெல்லி’ என்னும் பகுதி உள்ளது. அதில் கிளாரினெட் அத்தொடரை மீள மீள இசைக்கக் கேட்கலாம். தொல்காப்பியர் கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம் என்பவற்றோடு பறவையையும் பறையையும் யாழையும் ஒரே வரிசையில் வைக்கிறார். அவ்வகையில் நோக்கினால் எலிங்டன் குழு தில்லி நிலத்தின் கருப்பொருள் ஒன்றைத் தன்னுடன் எடுத்துச் சென்றது எனலாம். எடுத்தது அழகாகவே ஆளப்பட்டுள்ளது. ஆயினும் தில்லிக்கு அதனால் திரும்பி வந்தது எதுவும் இல்லை. மைனாவிடம் யாரும் கடன்படுவதில்லை என்று இதனை எளிதில் விட்டுவிடலாம். எடுக்கப்படுவது ஒரு பறவையின் குரலாக இல்லாமல் ஒரு மக்கட் கூட்டத்தின் பாட்டாக இருந்தால் அவ்வாறு விட்டுவிட இயலுமா என்பதே இங்கு எழும் வினா.

இவ்வினாவை எழுப்புவதற்கு உரிய இசைக்குழு தில்லியிலேயே தோன்றியது. கிதார் இசைஞர் சுஸ்மித் சென்னும் தபலா இசைத்துக்கொண்டே பாடும் அசீம் சக்கரவர்த்தியும் 1990இல் தொடங்கிய ‘இந்தியன் ஓஷன்’ குழுவே அது. 1991இல் பாஸ் கிதார் இசைஞராக ராகுல் ராமும் 1994இல் முரசுத்தொகுதி இசைஞராக அமித் கிலாமும் இணைந்தனர். இந்நால்வர் அமைப்பு 2009 வரை நீடித்தது. இந்துஸ்தானி இசை, ராக், ஜாஸ், நாட்டுப்புறப் பாடல், வழிபாட்டுப் பாடல் ஆகியவை இவர்தம் படைப்புகளில் ஒன்றோடொன்று கலந்து நிற்கின்றன. தில்லியின் போக்குவரத்துச் சந்திப்பு ஒன்றின் பெயரைத் தாங்கிய ‘கோயிங் டு ஐ.டி.ஓ.’ என்னும் தொடக்ககாலப் படைப்பு முதல் 2023இல் வெளிவந்த ‘து ஹை’ தொகுப்பு வரை இக்கலப்பு பல நிலைகளைக் கடந்துள்ளது. அவை அனைத்தையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. பிறர் நிலத்துப் பாடலைப் பெற்றுக்கொண்ட கலைஞர் அதற்கு ஈடாக என்ன செய்தார், செய்தது உரியவரைச் சென்றடைந்ததா என்னும் கோணத்தில் மூன்று பாடல்களும் ஒரு வெளியீட்டு முறையும் மட்டும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

ஜாஸ் என்னும் சொல்லின் எல்லை

இக்குழுவை ஜாஸ் குழு எனக் கூறலாமா என்னும் ஐயம் எழுவது இயல்பு. ஜாஸ் இசையின் இலக்கணம் அறிந்தோர் தயங்கவே செய்வர். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் கறுப்பின மக்களின் உழைப்புப் பாடல், தேவாலயப் பாடல், ஊர்வலப் பித்தளை வாத்திய இசை ஆகியவற்றிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்றது ஜாஸ். பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும் சுரக்கூட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறிச்செல்ல, அம்மாற்றத்தைப் பற்றிக்கொண்டு ஒவ்வோர் இசைஞரும் அவ்வப்போது புதிதாகப் புனைந்து இசைப்பது அதன் பொதுவழக்கு. கருநாடக இசையில் மனோதர்மம் இராகத்தின் எல்லைக்குள் நிகழ்வது போல, ஜாஸில் அது சுரக்கூட்டு வரிசையின் எல்லைக்குள் நிகழ்கிறது. ‘இந்தியன் ஓஷன்’ படைப்புகளில் சுரக்கூட்டு மாற்றம் குறைவு. பாஸ் கிதார் பல இடங்களில் தம்புராவின் பணியையே செய்கிறது.

ஆயினும் ஜாஸின் மற்றொரு பண்பு இக்குழுவிடம் உறுதியாக உண்டு. அது ஒருவர் முன்னிற்க ஏனையோர் பக்கவாத்தியம் இசைக்கும் அமைப்பை ஏற்காமை. பாடுபவரே தபலாவையும் இசைக்கிறார். பாஸ் கிதார் இசைப்பவரே அடுத்த பாடலை முன்னின்று பாடுகிறார். முரசுத்தொகுதி இசைப்பவர் வங்கத்துப் பாவுல் பாணர்களின் ‘கப்குபி’ என்னும் நரம்புக் கருவியைக் கையில் எடுக்கிறார். ஒருவர் இசைப்பதைக் கேட்டு மற்றவர் தம் போக்கை மாற்றிக்கொள்வதே படைப்பின் வடிவமாகிறது. எழுபதுகளில் ஜான் மெக்லாலின், எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோர் இணைந்த ‘சக்தி’ குழுவும் இத்தகையதே. அங்கு ஜாஸைச் சந்தித்தது செவ்வியல் இசை. பெயர்பெற்ற வித்துவான்கள் சமநிலையில் சந்தித்துக்கொண்டனர். எனவே கடன் என்னும் பேச்சுக்கு அங்கு இடமில்லை. தில்லிக் குழுவோ பெயர் அறியப்படாத மக்களின் பாடல்களை எடுத்தது. இவ்வேறுபாடு திறனாய்வாளரால் போதிய அளவு கருதப்படவில்லை. கலப்பிசை பற்றிய பேச்சு பெரும்பாலும் தூய்மை கெட்டதா, கெடவில்லையா என்பதிலேயே சுழன்றுவருகிறது.

மயங்குவனவும் மயங்காதனவும்

தமிழ்ப் பொருளிலக்கணம் இவ்விடத்தில் பயனுள்ள ஒரு கருவியைத் தருகிறது. அகத்திணையியலில் தொல்காப்பியர் திணைகள் தம்முள் மயங்குவதை விலக்கவில்லை. உரிப்பொருள் நீங்கலாக ஏனையவை மயங்கலாம் என்பதும், இருவேறு நிலங்கள் ஓரிடத்தில் கலந்து நிற்பதில்லை என்பதும் அவர் தரும் வரையறை. இந்நூற்பாக்களின் பொருள் குறித்து உரையாசிரியரிடையே வேறுபாடு உண்டு. ஆயினும் கலப்பு குற்றமன்று, அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு என்னும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. அக ஒழுக்கத்துக்குக் கூறப்பட்ட இலக்கணத்தை இசைக்கு நீட்டுவது பொருந்துமா எனக் கேட்கலாம். யாழையும் பறையையும் நிலத்தின் கருப்பொருளாகக் கொண்ட இலக்கணம் அது. எனவே இந்நீட்சி வலிந்து செய்யப்படுவதன்று.

இளங்கோவடிகள் இதனைச் செயலிலேயே காட்டியுள்ளார். வேட்டுவர் வரி, ஆய்ச்சியர் குரவை, குன்றக் குரவை, நெய்தல் நிலக் கானல்வரி, மகளிர் விளையாட்டில் வழங்கும் அம்மானை, ஊசல், பந்தாட்டப் பாடல், நெல் குற்றும் வள்ளைப்பாட்டு என மக்கள் வழக்கிலிருந்த வடிவங்கள் பல ஒரு காப்பியத்துள் வந்து சேர்ந்துள்ளன. இதனைவிடப் பெரிய கலப்பு தமிழில் அரிது. அக்கலப்பில் ஒவ்வொரு பாடலும் தன் நிலத்தையும் பாடும் மக்களையும் உடன் அழைத்துக்கொண்டே வருகிறது. குரவை ஆய்ச்சியர் சேரியில் நிகழ்கிறது. வரி எயினர் மன்றத்தில் நிகழ்கிறது. யார் பாடினர், எங்குப் பாடினர், எதற்காகப் பாடினர் என்னும் மூன்றும் அழிவதில்லை. அம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு தில்லிப் பாடல்களை நோக்கலாம்.

ரேவா அன்னை

2000ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வெளிவந்த ‘கந்தீசா’ தொகுப்பில் ‘மா ரேவா’ என்னும் பாடல் இடம்பெற்றது. ரேவா என்பது நருமதை ஆற்றின் பெயர். ஆற்றை அன்னையாக விளித்து, அதன் நீரின் தூய்மையையும் ஓட்டத்தையும் போற்றும் நாட்டுப்புறப் பாடல் இது. நருமதைப் பள்ளத்தாக்கில் வழங்கிய இப்பாடலைக் குழுவுக்குக் கொணர்ந்தவர் ராகுல் ராம். வேதியியல் பயின்று, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியல் துறையில் முனைவர் பட்டம் பெற்ற இவர், நாடு திரும்பி 1990 முதல் 1995 வரை நருமதை பாதுகாப்பு இயக்கத்தில் பணியாற்றினார். பாடலைத் தேடிச் சென்றவரல்லர். அணைக்கு எதிரான மக்கள் போராட்டத்தில் உடனிருந்தபோது பாடல் அவரிடம் வந்தது. சேகரிப்பாளருக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு இது. கள ஆய்வில் ஒலிப்பதிவுக் கருவியுடன் சென்று சில நாளில் திரும்புவோர் இவ்வேறுபாட்டை உணர்வர்.

பாடலின் இசையமைப்பு எளிமையானது. குறுகிய பல்லவி மீள மீள வருகிறது. பாஸ் கிதாரின் ஒரே தொடர் அடியில் ஓட, தாளம் படிப்படியாக வலுப்பெறுகிறது. மேலை இசையின் சுரக்கூட்டுகளால் மெட்டை மூடி அழகுபடுத்தும் முயற்சி இல்லை. மெட்டு தன் இயல்பிலேயே விடப்பட்டு, அதனைச் சுற்றி மட்டும் கருவிகள் புனைந்து இசைக்கின்றன. கருவியாகிய கருப்பொருள் மயங்குகிறது. மெட்டும் அதன் விளிப்பும் மயங்கவில்லை. கலப்பிசையில் இத்தகைய அடக்கம் எளிதில் வாய்ப்பதன்று. இதே குழு பிற்காலத்தில் திரைப்படங்களுக்கு இசையமைத்தபோது இவ்வடக்கம் எல்லா இடத்திலும் காணப்படவில்லை என்பதையும் கூறவேண்டும்.

இப்பாடலில் சொல் நிலையில் கருதத்தக்க ஓர் இயல்பு உண்டு. ஓடும் நீரின் ஒலியை அது ஓர் இரட்டைக்கிளவியால் குறிக்கிறது. தமிழில் ‘சலசல’ என்பது போன்றது அது. இரட்டைக்கிளவி பிரிந்தால் பொருள் தராது; பிரியாமல் நிற்கும்போது அது ஒரு பொருளின் பெயரன்று, ஒரு நிகழ்வின் ஒலி. அந்நிகழ்வு நின்றால் சொல்லுக்குச் சுட்டுப்பொருள் இல்லாமற் போகிறது. பாடலில் அணை பற்றிய சொல் எதுவும் இல்லை. அரசு பற்றியும் இல்லை. நீர் ஓடுகிறது என்று போற்றுவது மட்டுமே உண்டு. அணை கட்டப்படும் பள்ளத்தாக்கில் அதனைப் பாடியபோது போற்றுதலே எதிர்ப்பாயிற்று. ஒரு சொல்லும் மாறாமல் பாடலின் உரிப்பொருள் திரிந்தது. இத்திரிபு தில்லியில் நிகழ்ந்ததன்று. போராட்டக் களத்தில் பாடலுக்குரிய மக்களிடையே முன்னரே நிகழ்ந்தது எனக் கருதுவதே பொருந்தும். தில்லிக் குழு அத்திரிந்த பாடலையே பெற்றுக்கொண்டது.

ஆற்றைப் பெண்ணாக விளித்துப் போற்றும் மரபு தமிழுக்குப் புதிதன்று. கானல்வரியின் ஆற்றுவரிப் பாடல்கள் காவிரியை வாழ்த்துகின்றன. அங்கும் மேற்போக்கில் வாழ்த்து, உள்ளே பிறிதொன்று. கோவலனும் மாதவியும் ஒருவரையொருவர் ஐயுறுவதற்கு அவ்வாழ்த்தே இடமாகிறது. வாழ்த்துப் பாடல் எந்தச் சூழலில் பாடப்படுகிறதோ அச்சூழலின் பொருளை ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு இரு ஆறுகளும் சான்று.

தொகுப்பு வெளிவந்த அதே 2000ஆம் ஆண்டு அக்டோபர் 18 அன்று உச்ச நீதிமன்றம் சர்தார் சரோவர் அணையின் பணி தொடர இசைவளித்தது. 2017 செப்டம்பர் 17 அன்று அணை நாட்டுக்கு அளிக்கப்பட்டது. 2019 செப்டம்பரில் நீர்மட்டம் முழு அளவான 138.68 மீட்டரை முதன்முறையாக எட்டியது. நீர்த்தேக்கத்தின் நீளம் ஏறத்தாழ 214 கிலோமீட்டர். மத்தியப் பிரதேசம், மகாராட்டிரம், குஜராத் ஆகிய மூன்று மாநிலங்களில் 240க்கு மேற்பட்ட ஊர்கள் இதனால் பாதிக்கப்பட்டன. குஜராத்தின் வறண்ட பகுதிகளுக்குக் குடிநீரும் பாசன நீரும் சென்றன என்பதும் உண்மை. அவ்வழக்கைத் தீர்ப்பது இக்கட்டுரையின் பணியன்று. ஆயின் இலக்கியத் திறனாய்வுக்கு உரிய சிக்கல் ஒன்று இங்கு உண்டு. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாவதைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. நீரால் மூழ்கி இல்லாமற்போகும் நிலத்துக்குத் திணைக் கோட்பாட்டில் பெயர் இல்லை. முதற்பொருளாகிய நிலம் மூழ்கியபின் அதன் கருப்பொருளாகிய பண் மட்டும் எஞ்சினால் அது எத்திணையைச் சார்ந்தது? தில்லியின் கல்லூரி விழாக்களிலும் வெளிநாட்டு மேடைகளிலும் ஒலிக்கும் ‘மா ரேவா’ அத்தகைய எச்சம்.

தொழுகை மொழியும் உழவர் மொழியும்

தொகுப்பின் தலைப்புப் பாடலாகிய ‘கந்தீசா’ வேறு வகையானது. அரமேய மொழியின் கிளையாகிய சிரியக் மொழியில் அமைந்த இறைவேண்டல் இது. கேரளத்துச் சிரியக் கிறித்தவர் வழிபாட்டில் வழங்குவது. சிரியக் மொழியில் ‘தூய’ என்னும் பொருளுடைய ‘கத்தீஷா’ என்னும் சொல் மலபார் வழக்கில் ‘கந்தீசா’ என ஒலிக்கிறது. இரட்டித்த வல்லெழுத்தின் இடத்தில் மெல்லெழுத்தும் வல்லெழுத்தும் வந்துள்ளன. கடல்கடந்து வந்த தொழுகை மொழி ஒன்றில் இந்நிலத்தின் நாக்கு பதிந்த தடம் இது. தில்லிக் குழு இவ்வொலிப்பையே ஏற்றுப் பாடுகிறது. அறியாமலே ஆயினும் பாடலின் நிலக்குறிப்பு ஓரளவு காக்கப்பட்டுள்ளது எனலாம்.

ஆனால் உரிப்பொருள் காக்கப்பட்டதா? வழிபாட்டில் இச்சொற்கள் சபையின் தாழ்மையை உணர்த்துவன. மேடையில் அவை ஒலியாக மட்டும் நிற்கின்றன. ஜாஸ் பாடகர் பொருளற்ற அசைகளைக் கொண்டு குரலையே கருவியாக்கும் முறையை இது நினைவூட்டுகிறது. பாடல் வளர்ந்து உச்சம் பெறும் இடம் இசையளவில் இக்குழுவின் மிகச் சிறந்த சாதனைகளுள் ஒன்று. கேட்போர் பெரும்பாலோர் இது எம்மொழி, எவர் பாட்டு என்று அறியாமலே உடன்பாடுகின்றனர். யார், எங்கு, எதற்கு என்னும் மூன்றனுள் மூன்றாவது இங்குக் கைவிடப்பட்டது. இசை வென்றது, பாட்டு ஓரளவு தோற்றது என்பதே நேரிய மதிப்பீடாகும்.

இதே தொகுப்பின் ‘ஹில்லே லே’ போஜ்புரியில் அமைந்தது. இதனை எழுதியவர் 1989இல் மறைந்த புரட்சிக் கவிஞர் கோரக் பாண்டே. உலகத்தையே உலுக்கிப் பார்க்கும் உழவர் எழுச்சி இதன் பொருள். நகரத்து இளைஞர் இதற்குக் கைதட்டி ஆடுவது முரண் என்று கூறுவோர் உண்டு. அவ்வாறு கூறுவது முற்றும் சரியன்று. அரசியற் பாடலின் உரிப்பொருள் பரவுதலையே நோக்கமாகக் கொண்டது. வேண்டலைப் போல ஒரு சபைக்குள் அடங்குவதன்று. மேலும் இக்குழு அரசியல் மேடைக்கு அந்நியமானதன்று. நாடகக் கலைஞர் சப்தர் ஹாஷ்மி 1989 சனவரி முதல் நாளில் வீதிநாடகம் நிகழ்த்திக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு மறுநாள் இறந்தார். அவர் நினைவாக 1997 சனவரியில் தில்லியில் நடந்த நிகழ்ச்சியில் பதிவானதே இக்குழுவின் ‘டெசர்ட் ரெயின்’ தொகுப்பு. இசை நிறுவனம் எதனையும் சாராமல் குழுவினரே அதனை வெளியிட்டனர்.

கொடுத்தவர் யார், பெற்றவர் யார்

புகழ்பெற்ற கலைஞர் சமூகத்துக்குத் திருப்பியளிக்கிறார் என்னும் தொடர் இன்று இதழ்களில் மிகுதியாக வழங்குகிறது. அத்தொடரில் கலைஞரே வள்ளல், சமூகம் பரிசிலர். ‘மா ரேவா’வை முன்வைத்து நோக்கினால் இம்முறை தலைகீழாகிறது. பள்ளத்தாக்கு மக்கள் கொடுத்தனர். நகரத்து இசைஞர் பெற்றார். சங்கப் பாடல்களில் பாணர் பரிசில் பெறுவோர். பொருளில்லாதவர் பாட்டைக் கொடுத்தார், பொருளுடையவர் பொன்னைக் கொடுத்தார். இங்குப் பொருளில்லாத மக்களே பாட்டையும் கொடுத்துவிட்டனர். பொன் எப்பக்கத்திலிருந்தும் அவர்களை நோக்கிச் செல்லவில்லை. எனவே கலைஞர் பின்னர்ச் செய்வது கொடை அன்று, கடனிறுத்தல்.

அக்கடனை இறுக்கும் வழி ஒன்று தமிழ் மரபில் உண்டு. அது ஆற்றுப்படை. பரிசில் பெற்றவன் எதிர்ப்படும் வறியவனுக்குத் தான் பெற்ற இடத்தைச் சொல்லி வழிகாட்டுகிறான். வழியிலுள்ள நிலங்கள், அங்கு வாழும் மக்கள், அவர்தம் உணவு அனைத்தையும் விரித்துரைக்கிறான். வள்ளலுக்குப் புகழாகவும் பின்வருவோர்க்கு உதவியாகவும் ஒரே செயல் அமைகிறது. இக்குழுவின் மேடை நிகழ்ச்சிகளில் பாடலுக்கும் பாடலுக்கும் இடையே ராகுல் ராம் அவையோருடன் உரையாடுவது வழக்கம். பாட்டு எங்கிருந்து வந்தது, அம்மக்கள் யார் என்பதை நகைச்சுவையோடு அவர் கூறுவது இசை நிகழ்ச்சியின் இடைநிரப்பு அன்று, அது ஆற்றுப்படுத்தல். நருமதை பற்றி நாளிதழில் படித்திராத ஓர் இளைஞர் அப்பெயரை முதலில் இம்மேடையில் கேட்டிருக்கக்கூடும். ஒலித்தட்டில் இவ்வுரை இல்லை. பாடல் தனித்துச் செல்லும்போது வழி தொலைந்துவிடுகிறது. இக்குழுவின் கடனிறுப்பு மேடையில் நிறைவாகவும் பதிவில் குறைவாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

2010ஆம் ஆண்டு வெளியீடு இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. தில்லி கரோல்பாகிலுள்ள பழைய வீடு ஒன்றில் இக்குழு நெடுங்காலம் பயிற்சி செய்தது. அவ்வீட்டின் முகவரியே ‘16/330 கஜூர் ரோடு’ என்னும் தொகுப்பின் பெயராயிற்று. மாதத்துக்கு ஒரு பாடல் என்ற முறையில் தொகுப்பு முழுவதும் இணையத்தில் விலையின்றி வெளியிடப்பட்டது. அசீம் சக்கரவர்த்தி 2009 திசம்பர் 25 அன்று மறைந்தார்; அவர் குரலைத் தாங்கிய கடைசித் தொகுப்பை விற்காமல் கொடுத்தது உயர்ந்த செயல் என்பதில் ஐயமில்லை. வள்ளுவர் ஒப்புரவுக்கு ஊர்நடுவே நிறைந்த நீர்நிலையையும் பழுத்த மரத்தையும் உவமை கூறுவார். இரண்டும் கேட்பவரைத் தேர்ந்தெடுப்பதில்லை.

ஆனால் ஊருணி எந்த ஊரின் நடுவே இருந்தது என்னும் கேள்வி எஞ்சுகிறது. 2010இல் இந்திய இணையம் பெரும்பாலும் நகரத்தாருடையது. பாடலை இலவசமாக இறக்கிக்கொண்டவர் முன்னரே ஒலித்தட்டு வாங்கும் வசதி படைத்தவராகவே பெரும்பாலும் இருந்திருப்பர். நருமதைக் கரையின் பழங்குடி ஊர்களுக்கு அந்நீர் சென்று சேர வாய்க்கால் இல்லை. இக்குற்றத்தைக் குழுவின்மேல் முழுதும் சுமத்துவது முறையன்று. இசை நிறுவனங்களின் பிடியிலிருந்து பாடலை விடுவிப்பது அவர்தம் உடனடி நோக்கமாக இருந்திருக்கலாம். ஆயினும் கேட்போர்க்குக் கொடுத்ததும் பாடல் தந்தோர்க்குத் திருப்பியதும் ஒன்றல்ல. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதும் முடிந்ததாக எண்ணிக்கொள்வது கலப்பிசை உலகில் பரவலான மயக்கம். இது தொல்காப்பியர் இசைவளித்த மயக்கம் அன்று.

தமிழ்ச் சூழலோடு ஒப்பிடுகையில் இவ்வேறுபாடு தெளிவாகும். ‘தன்னானே’ கலைக்குழுவை நடத்திய கே.ஏ. குணசேகரன் (1955–2016) நாட்டுப்புறப் பாடல்களை மேடையேற்றியவர், ஆய்வாளர், நாடகப் பேராசிரியர். ஒடுக்கப்பட்ட மக்களின் பாடல்களை அம்மக்களுள் ஒருவராக நின்று பாடியவர். அவர்க்குக் கடன் வேறு, உரிமை வேறு அன்று. 2018இல் சென்னையில் முதல் நிகழ்ச்சியை நடத்திய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவும் கானாவை ராக், ராப் இசைகளோடு கலந்தபோது கானாப் பாடகர்களையே மேடையின் நடுவில் நிறுத்தியது. பாட்டுக்கு உரியவர் மேடையில் இருக்கும்போது வழிகாட்ட ஆற்றுப்படை தேவைப்படுவதில்லை. தில்லிக் குழுவின் மேடையில் அம்மக்கள் இல்லை. எனவேதான் ராகுல் ராமின் உரை அங்கு இன்றியமையாததாகிறது. 2014இல் வெளிவந்த ‘தந்தானு’ தொகுப்பில் சங்கர் மகாதேவன், சுபா முத்கல், வயலின் குமரேஷ், வி. செல்வகணேஷ் உள்ளிட்ட பலர் விருந்தினராகப் பங்கேற்றனர். அழைக்கப்பட்டோர் அனைவரும் புகழ்பெற்ற கலைஞர்கள். பள்ளத்தாக்கின் பாடகர் ஒருவரும் அவ்வரிசையில் அமர்ந்திருந்தால் இக்கட்டுரையின் வாதம் வேறுவகையாக அமைந்திருக்கும்.

அசீம் மறைந்தபின் அவர் இடத்தில் குழு இருவரை அமர்த்த வேண்டியதாயிற்று. தபலாவுக்குத் துஹீன் சக்கரவர்த்தி, பாட்டுக்கு ஹிமான்ஷு ஜோஷி. 2013இல் சுஸ்மித் சென் விலகினார். இசையின் நிறம் மாறியது. பழைய கேட்போர் சிலர்க்கு அது ஏற்புடையதாக இல்லை. ஜாஸ் முறையில் அமைந்த குழுவில் ஒருவர் குரல் மறைந்தால் அதே பாடல் அதே பாடலாக இருப்பதில்லை. நாட்டுப்புறப் பாடலுக்கு இக்கட்டுப்பாடு இல்லை. எவர் பாடினாலும் அது நிற்கும். ‘மா ரேவா’ இவ்விரு இயல்புகளுக்கும் இடையே நிற்பது. அதனால்தான் குழுவில் இத்தனை மாற்றம் நிகழ்ந்த பின்னும் அப்பாடலைப் பாட முடிகிறது. 2019க்குப் பின் அதனைக் கேட்பவர் ஒன்றை அறிந்தே கேட்கவேண்டும்: பாடலின் இரட்டைக்கிளவி குறிக்கும் ஒலி, அப்பாடல் பெறப்பட்ட பள்ளத்தாக்கில் நீர்த்தேக்கம் பரந்துள்ள நெடுந்தொலைவு வரை இப்போது ஆற்றில் எழுவதில்லை, பாடுவோர் வாயில் மட்டுமே எழுகிறது.